செபெலும் ராஜம்மா

ஷர்மினியின் பற்கள் ஷர்மினிக்குச் சொந்தமில்லை. ஜொகூர் பாருவில் அவள் வேலை பார்த்த பல் கிளினிக்குக்குத்தான் சொந்தம். வைத்துக்கொள்ள மட்டும் அவள் வாய். முகப்பில் உட்காரும் பெண்ணின் பல்லே மஞ்சளாக இருந்தால், வருகிறவர்கள் எதை நம்பி வாயைத் திறப்பார்கள் என்று கேட்டு, அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே டாக்டர் ஹேமநாதன் அவளுக்கு இலவசமாகப் பல்லை வெளுத்துக் கொடுத்துவிட்டார். இலவசம் என்றதும் பூரித்துப் போனாள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

வெளுப்பது ஒரு மணி நேர வேலை. வெளுத்ததைக் காப்பாற்றுவதற்குத்தான் ஆயுள் போதாது. கிளினிக்கில் கொடுக்கும் துண்டுத்தாள் அவளுக்கு மனப்பாடம். தேத்தண்ணி ஆகாது, காப்பி ஆகாது, மஞ்சள் போட்ட குழம்பு ஆகாது, கறுப்பு சோயா ரசம், அதாவது கீச்சாப், ஆகாது. குடித்தே தீர வேண்டுமென்றால் ஆறவிட்டு ஸ்ட்ராவில் குடிக்க வேண்டும். குடித்த கையோடு வெறும் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, பல்லுக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் அச்சில் ஜெல்லைப் பிதுக்கி அரை மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். கழற்றிய பிறகு காற்றுப் பட்டாலே பல் கூசும். அதற்கு ஒரு தனிப் பற்பசை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி டாக்டரின் நாற்காலி. "வெள்ளையாக்கறது பெரிசில்லைங்க, வெள்ளையா வச்சிருக்கறதுதான் பெரிசு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லுவாள். சொல்லும்போது பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்பதும் வேலையில் சேர்த்திதான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமையை மட்டும்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு டாக்டர் உள்ளேயிருந்து நிறப்பட்டையோடு வருவார். சின்னச் சின்னப் பல் மாதிரித் துண்டுகளை வெள்ளையிலிருந்து பழுப்பு வரை வரிசையாகக் கோத்த பட்டை அது. காத்திருக்கும் ஏழெட்டுப் பேர் முன்னால் அவள் மோவாயைத் தூக்கிப் பிடித்து, ஒரு துண்டை அவள் முன்பல்லோடு வைத்துப் பார்ப்பார். "பாத்தீங்களா? ரெண்டு வருஷம் ஆச்சு, அதே வெள்ளை. எல்லாம் பராமரிப்பு" என்பார். எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் நிற்பாள். ஒரு மாதம் துண்டு ஒத்துப்போகாவிட்டால் முகப்பில் வேறு பெண் உட்காருவாள் என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுடைய அம்மா ராஜம்மா ரெங்கத்தில் இருந்தாள். வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை மூடிய பிறகு மலிவு விலை வீடு ஒன்றில் குடியேறி, காலையில் பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் தோசையும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் விற்கிறவள். தோசை சுமார்தான், பொய் சொல்வானேன். ஜனங்கள் வந்தது அவள் சிரிப்புக்காக. வாயை முழுசாகத் திறந்து, அண்ணாந்து, கடையே அதிரச் சிரிப்பாள். நாற்பது வருஷத் தேத்தண்ணியும் வெற்றிலையும் ஏறிய பல். முன்பல்லில் பாக்கைக் கடித்து உடைந்த ஒரு மூலை. இடது பக்கம் ஒரு தெத்துப்பல், பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். "இந்தப் பல்லப் பாத்துத்தான் எங்க மினி அப்பா தங்கராஜு மயங்கி விழுந்தாரு" என்று செத்துப்போன புருஷனைப் பற்றிக் கடையில் சொல்லிச் சிரிப்பாள். அந்தத் தெத்துப்பல் அதே இடத்தில், அதே சாய்வில், மகளுக்கும் இருந்தது.

ஷர்மினி பல்லை வெளுத்துக்கொண்டு முதன்முதலாக ஊருக்குப் போனபோது ராஜம்மா வழக்கம்போல டின்பால் ஊற்றிக் கெட்டியாகத் தேத்தண்ணி கலந்து கொடுத்தாள்.

"அம்மா, ஸ்ட்ரா இருக்கா?"

"தேத்தண்ணிக்கா? சுடச்சுட ஸ்ட்ராவுல உறிஞ்சினா நாக்கு வெந்து போயிடும்லா!"

மறுநாள் பாசார் முழுக்க இதே பேச்சு. ராஜம்மா மகள் தேத்தண்ணிக்கு ஸ்ட்ரா கேட்டாளாம். ராஜம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதில் கேலி இருந்ததே தவிர, துளி விஷம் கிடையாது. ஆனால் ஷர்மினிக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு ஊருக்குப் போனால் பச்சைத்தண்ணிதான் குடிப்பாள். ராஜம்மாவும் விடாமல் ஒவ்வொரு தடவையும் கலந்து வைப்பாள். அது மேசையில் ஆடை கட்டி ஆறியதும் எடுத்துத் தானே குடித்துவிடுவாள்.

போன வருஷம் ராஜம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. மகள் பல் கிளினிக்கில் இருக்கும்போது வேறு எங்கே போவது? பஸ் ஏறி ஜொகூர் பாருவுக்கு வந்தாள். டாக்டர் ஹேமநாதன் பல்லைப் பிடுங்கினார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. வேலை முடிந்த பிறகும் அவளை எழுந்திருக்க விடாமல், உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக்கை மாட்டி, முன்பற்களைப் படமெடுத்தார்.

பிடுங்கியது கடைவாய்ப் பல், படமெடுப்பது முன்பல். இது ஷர்மினிக்கு உறைக்காமல் இல்லை. பக்கத்தில் நின்று விளக்கைத் திருப்பிக் கொடுத்ததே அவள்தான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா வெத்தல போடாமயாவது வந்திருப்பேனே டாக்டர்" என்று ராஜம்மா அந்தப் பிளாஸ்டிக்கோடேயே குழறிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அப்படியே இருங்கம்மா, அசையாதீங்க" என்றார் டாக்டர். படம் அந்தச் சிரிப்போடுதான் விழுந்தது.

பிறகு பாரம் வந்தது. இரண்டு பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம்.

"இது என்னாடி மினி, இவ்வளவு எழுதியிருக்கு? பல்லத்தான் புடுங்கியாச்சே."

"டாக்டர் பைலுக்குமா. சும்மா, எல்லாரும் போடறதுதான். இங்க கையெழுத்துப் போடுங்க."

ராஜம்மா தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, பெயரை எழுதினாள். கீழே சாட்சி என்ற இடத்தில் ஷர்மினி போட்டாள். இரண்டாம் பக்கத்தில், படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி இருந்தது. அது அவளுக்குத் தெரியாது என்று சொல்லி அவளைத் தப்ப வைக்க முடியாது. அந்தப் பாரத்தைக் கம்ப்யூட்டரில் அடித்தவளே அவள்தான். அம்மா கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மா கேட்டாள். அவள் கேட்டதும் அதைத்தான்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். குளுவாங்கில் புதுக் கிளை திறக்கப்போவதாகச் சொல்லி, கம்ப்யூட்டரைத் திருப்பி விளம்பரப் பதாகையைக் காட்டினார். இரண்டு வாய்கள், மூக்குக்குக் கீழே மோவாய் வரைக்கும். இடது பக்க வாயின் மேல் மலாயில் 'முன்பு' என்பதற்கான சொல், செபெலும். வலது பக்க வாயின் மேல் 'பின்பு', செலப்பாஸ். செலப்பாஸ் அவளுடைய வாய். செபெலும் அவள் அம்மாவுடையது.

"என்னோட பழைய படம் இருக்கே டாக்டர்?"

"இருக்கு. ஆனா அது அவ்வளவு மோசமா இல்லை. வித்தியாசம் தெரியலை" என்றார். பிறகு திரையில் விரலை வைத்து, "இந்தத் தெத்துப்பல்லப் பாருங்க. ரெண்டுலயும் அச்சு அசல். யாரு பாத்தாலும் ஒரே ஆளுன்னுதான் சொல்லுவாங்க. இந்த மாதிரி கெடைக்கவே கெடைக்காது, ஷர்மினி" என்றார். அவர் குரலில் இருந்தது உண்மையான சந்தோஷம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். குளுவாங் கிளைக்கு அவள்தான் மேலாளர். தனி அறை, கதவு போட்ட அறை. முகப்பில் உட்கார வேண்டாம். முதல் திங்கட்கிழமை நிறப்பட்டையும் இனிமேல் கிடையாது. "ஆனா பதாகை இருக்கற வரைக்கும் நிறம் எறங்கக் கூடாது. பராமரிப்ப மட்டும் விட்டுடாதீங்க."

கதவு போட்ட அறை என்றதுமே அவள் பாதி ஒப்புக்கொண்டாயிற்று. எட்டிப் பார்க்க யாரும் இல்லாத ஓர் அறை. மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

"பேரு போட மாட்டீங்கதானே?"

"வாய் மட்டும்தானே? வாயப் பாத்து யாருக்குத் தெரியப் போகுது?"

ஹேமநாதன் கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவர்; அவர் அப்படிச் சொன்னது நியாயம். ரெங்கத்தில் பிறந்தவளும் அதை நம்பினாளே, அதை என்ன சொல்ல! அந்த ஊரில் ராஜம்மாவைத் தெரிந்தவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களா? பாசார் முனையில் திரும்பும்போதே கண்ணில் படுவது அந்த வாய்தான். ஷர்மினிக்கும் அது தெரியும். கதவு போட்ட அறைக்காக மறந்துவிட்டாள்.

குளுவாங் பஸ் நிலையத்துக்கு எதிரே, கடைவீட்டு மாடியை மூடுகிற அளவுக்குப் பதாகை ஏறியது. ஒவ்வொரு பல்லும் ஒரு கதவு உயரம். சின்னச் சின்னதாக விளக்குக் கம்பங்களிலும் கட்டினார்கள், ரெங்கம் போகும் சாலை வரைக்கும்.

கிளை திறந்த ஒன்பதாம் நாள், பாசாரில் காய்கறி விற்கும் மலர் ஆஸ்பத்திரி மருந்துக்காகக் குளுவாங்குக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியவள் அண்ணாந்து பார்த்தாள். கைப்பேசியில் படம் பிடித்தாள். ரெங்கம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கீழே ஒரு கேள்வி: 'இடது பக்கம் இருக்கிற வாய் யாருடையது? கண்டுபிடிங்க பார்ப்போம்.'

அந்தக் குழுவில் ஷர்மினியும் இருந்தாள். தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ராஜம்மாக்கா. நம்ம தோசை ராஜம்மா. ராஜம்மாதான், தெத்துப்பல் பாரு. அலமாக், ராஜம்மாவா! பதினோரு பேர் சரியாகச் சொன்னார்கள். தப்பாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. யாரோ ஒருவர், வலது பக்கம் யாரு, அவங்களேவா, இவ்வளவு வெள்ளையா என்று கேட்டார். அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. ஷர்மினியின் வாயை ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

கடைசியில் ராஜம்மாவே குரல் பதிவு போட்டாள். ஷர்மினி அதைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள்.

"ஆமாலா, என் வாய்தான். எம்மவ ஆபீசு. கேட்டா, குடுத்தேன். நல்லா இருக்குல்ல?" அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பு இருந்தது, கடை அதிரவில்லை.

கேட்டா, குடுத்தேன். மகளைக் காட்டிக்கொடுக்காமல் ஊரின் முன்னால் ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவிட்டாள். அவளை நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஷர்மினிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

தோட்டத்து ஜனங்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது கைவந்த கலை. ஒரே வாரத்தில் ராஜம்மா 'செபெலும்' ஆகிவிட்டாள். செபெலும் கடையில தோசை வாங்கினியா? செபெலும் இன்னிக்கு வரலையா? கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. நொண்டியை நொண்டி என்று கூப்பிட்டே அவனோடு ஐம்பது வருஷம் சிநேகமாக இருந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரு நாள் பாசாருக்கு வந்த யாரோ வெளியூர்க்காரன் தோசையைக் கையில் வாங்கி, பதாகையை நினைத்து, அவள் வாயைப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பி வைத்துவிட்டுப் போனானாம். இதை மலர்தான் போன் பண்ணிச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். "நான் விளையாட்டுக்குப் போட்டேன் மினி. சாமி சத்தியமா விளையாட்டுக்குத்தான்."

ஷர்மினி மறுநாளே ஜொகூர் பாருவுக்குப் போய் டாக்டரின் முன்னால் நின்றாள்.

"அந்தப் படத்த எடுத்துடுங்க டாக்டர்."

அவர் கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து பாரத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இது உங்க அம்மா கையெழுத்து. இது சாட்சி. யாரோடது?" என்று கேட்டார். அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள். "நாலு மாசம் போகட்டும், மாத்தலாம். வேணும்னா ஒண்ணு பண்றேன். அம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் இலவசமா வெள்ளையாக்கித் தரேன்."

அங்கேயே வேலையை விட்டிருக்கலாம். பாரத்தைக் கிழித்திருக்கலாம். அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் ஊருக்குப் போகவில்லை. குளுவாங்கிலிருந்து ரெங்கம் அரை மணி நேரம்தான். முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரை எடுத்தாள். வழியெல்லாம் விளக்குக் கம்பங்களில் அம்மாவும் அவளும் மாறி மாறி வந்தார்கள்.

ராஜம்மா வீட்டில்தான் இருந்தாள். மகளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "வாம்மா. சாப்டியா?" என்றாள். சொல்லும்போதே இடது கை மேலே ஏறி வாயை மூடிக்கொண்டது.

முதலில் ஷர்மினி அதைத் தும்மல் என்று நினைத்தாள். ராஜம்மா பேசப் பேசக் கை அங்கேயே இருந்தது. வாடகை வண்டிக்காரர் மகன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள், பாசாரில் கூரை ஒழுகுவதைச் சொன்னாள், எல்லாம் கைக்குப் பின்னாலிருந்து. கை ஓய்ந்தால் தோளில் கிடந்த துண்டின் முனை வந்தது. அது கோபத்தில் செய்வதாக இருந்தால் ஷர்மினி சண்டை போட்டிருப்பாள். அது பழகிப்போன கை. பெற்ற மகளின் முன்னால் ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள்; அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அம்மா, கைய எடுங்களேன்."

"இருக்கட்டும்லா."

"டாக்டர் உங்களுக்கும் ப்ரீயா வெள்ளையாக்கித் தரேன்னு சொன்னாரு."

"எதுக்கு? அப்பறம் போர்டுல போட்டிருக்கறது பொய்யாப் போயிடும்ல." சொல்லிவிட்டு ராஜம்மா துண்டை மடித்து வாயோடு வைத்துக்கொண்டாள். "வெத்தலய விட்டுட்டேன். தோச சுடறப்ப மாஸ்க் போட்டுக்கறேன். யாவாரம் பரவால்ல."

"மன்னிச்சிடுங்கம்மா. நான் அன்னிக்கு..."

"நீ கேட்டிருந்தா சிரிச்சுக்கிட்டே குடுத்திருப்பேன் மினி. என் வாயில என்னா இருக்கு? ஊரே பாத்த வாயி. அம்மா, உன் பல்லு அசிங்கமா இருக்கு, அத வச்சு எனக்கு ஒரு காரியம் ஆவணும்னு சொல்லியிருந்தா, இன்னும் ரெண்டு படம் எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேன். பைலுக்குன்னு சொன்னியே."

அவள் குரல் உயரவில்லை. கணக்குக் கேட்பது போலவும் இல்லை. உண்மையிலேயே அது ஒன்றுதான் அவளுக்குப் புரியாமல் இருந்தது.

"அம்மா, தேத்தண்ணி போடுங்க" என்றாள் ஷர்மினி திடீரென்று. "எனக்கு வேணும்."

ராஜம்மா அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம், டின்பாலைக் கரண்டியால் வழிக்கும் சத்தம். வெளியே வந்தபோது கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணி நிறைந்திருந்தது. அதில் ஒரு ஸ்ட்ரா நின்றது. பச்சைக் கோடு போட்ட ஸ்ட்ரா. உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில், உடைத்த ஸ்ட்ரா பொட்டலம் ஒன்று டப்பாவுக்குள் செருகியிருப்பதைக் கதவு வழியாகப் பார்க்க முடிந்தது.

"ஆறட்டும். சூடா உறிஞ்சாதே" என்றாள் ராஜம்மா கைக்குப் பின்னாலிருந்து. அதில் குத்தல் எதுவும் இல்லை. ஷர்மினி தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

அவள் ஸ்ட்ராவை எடுத்து மேசையில் போட்டாள். கிளாஸைத் தூக்கி வாயோடு வைத்து, சூட்டைப் பொருட்படுத்தாமல் மடமடவென்று குடித்தாள். ஜெல்லில் தேய்ந்த பற்கள் ஒவ்வொன்றும் வேரோடு வலித்தன. கண்ணில் தண்ணீர் வந்தது. அது பல் வலியினால் மட்டும் வந்ததில்லை என்று அம்மாவுக்குத் தெரியட்டும் என்று விரும்பினாள். அடி வரைக்கும் குடித்து, கிளாஸைக் கீழே வைத்தாள்.

வைத்த கையோடு எழுந்தாள். பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்து, கை நிறையத் தண்ணீர் பிடித்து, வாயில் ஊற்றி, கன்னம் உப்பக் கொப்பளித்துத் துப்பினாள். இன்னொரு கை. மூன்றாவது கைத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோனபோதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். ராஜம்மா பின்வாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலி கிளாஸ் ஒரு கையில், இன்னொரு கை வாயின் மேல். தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா? கண்ணை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தாள் ஷர்மினி. முடியவில்லை. இத்தனை வருஷமும் அவள் அம்மாவின் பல்லைப் பார்த்தே அதைத் தெரிந்துகொண்டவள்.